இரண்டு எலிகளும் ஒரே நேரத்தில்

மஸ்கெலியா,
5.2.63

அன்புள்ள ராசிக் நானாவுக்கு, தங்கை நஸீரா ஸலாம் கூறி எழுதுவது.

இன்றும் எலிக்கூண்டுகளில் இரண்டு சக்கரங்களும் ஒன்றாகத்தான் சுற்றத் தொடங்கின. நடுப்பகல் லுஹர் பாங்கு முடிந்து, ஆண்கள் பள்ளிவாசலிலிருந்து திரும்பிவரும் நேரம். நேற்றும் அப்படித்தான். முந்தின நாளும் அப்படித்தான். மற்ற சந்தேகம் எல்லாம் இதற்குப் பிறகுதான் எனக்கு வந்தது என்பதால் இதை முதலில் எழுதுகிறேன்.

நீங்கள் கூண்டுகளை ஜன்னல் அடைத்த பின்னறையில் வைத்துவிட்டுப் பேராதனைக்குப் படிக்கப் போனபோது என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? இந்த வெள்ளை எலிகளின் உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது, அது நம் கடைச் சுவர்க் கடிகாரம் மாதிரி கொஞ்சம் மெதுவாக ஓடும், வாப்பா ரேடியோச் செய்தி கேட்டு அதைத் திருத்திவைப்பது போல எலிக்கு வெளிச்சம்தான் திருத்திவைக்கும் என்றீர்கள். வெளிச்சமே இல்லாவிட்டால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பிந்திப் பிந்தி எழும் என்றீர்கள். எனக்கு அப்போது நம்பிக்கை இல்லை. ஆனால் அப்படியே நடந்தது. ஆரம்பத்தில் பொழுது சாயும் மஃரிப் பாங்கோடு ஓடத் தொடங்கியவை, பிறகு இரவு இஷாவுக்கு, பிறகு நான் படுத்த பிறகு, பிறகு விடியற்காலை என்று தள்ளிக்கொண்டே போயின. நோன்பு தொடங்கியபோது எலிகளில் பெரியவன், நான் வாசல் கூட்டும் காலை நேரத்திலும், சின்னவன் அதற்கு வெகுநேரம் கழித்து, லுஹர் தாண்டி நான் கஞ்சிக்கு அரிசி களையும் நேரத்திலும் ஓடத் தொடங்கினார்கள். வெளியே நல்ல வெயில். அவர்களுக்கு அதுதான் பொழுது சாயும் நேரம்.

இருவருக்கும் ஒரே வேகம் கிடையாது. சின்னவன்தான் அதிகம் பிந்துவான். அதனால் நாளுக்கு நாள் அவர்கள் இடையே தூரம் கூடிக்கொண்டே வந்தது. இப்போது எப்படி இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுகிறார்கள்? ஏன் அதற்குப் பிறகு பிந்தவே இல்லை? ஒரே வீட்டில் பேசிவைத்துக்கொண்ட மாதிரி அல்லவா இருக்கிறது?

நீங்கள் சொன்ன இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. எலிக்கு இரவு தொடங்கும் நேரத்தில் வெளிச்சம் பட்டால், இன்னும் பொழுது சாயவில்லை என்று எண்ணித் தன் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிக்கொள்ளும். இரவு முடியும் நேரத்தில் பட்டால், விடிந்துவிட்டது என்று முன்னுக்கு இழுத்துக்கொள்ளும். அப்படியானால் நானா, அந்த அறைக்குள் தினமும் லுஹருக்கு முன்னால் யாரோ விளக்கோடு வருகிறார்கள். வந்து, கொஞ்ச நேரம் இருந்து, விளக்கை அணைத்துவிட்டுப் போகிறார்கள். எலிகள் அதைத்தான் சூரியன் மறைவது என்று எடுத்துக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் முந்தி எழுந்த பெரியவன் பின்னுக்குப் போயிருக்கிறான், பிந்தி எழுந்த சின்னவன் முன்னுக்கு வந்திருக்கிறான்.

நான் இல்லை. அல்லாஹ்மேல் ஆணையாகச் சொல்கிறேன். தீனி வைக்கப் போகும்போது நீங்கள் சொன்னபடி இருட்டிலேயே போகிறேன். ஒரே நேரத்தில் போவதில்லை. கையால் தடவித்தான் கிண்ணத்தைத் தேடுகிறேன். சின்னவன் என் விரலை முகர்ந்து பார்ப்பான்.

நேற்றுத் தீனி வைக்கப் போனபோது காலில் ஒன்று குத்தியது. எடுத்துக்கொண்டு வெளியே வந்து பார்த்தால், எரிந்த தீக்குச்சி.

யார் மேல் சந்தேகப்படுவது என்று தெரியவில்லை. லுஹருக்கு முன்னால் உம்மாவும் நானும் பக்கத்து வீட்டு ஆமினா உம்மா வீட்டில் மற்றப் பெண்களோடு குர்ஆன் ஓதப் போய்விட்டு, லுஹர் முடியும்போதுதான் திரும்புகிறோம். வாப்பா கடையிலிருந்து பின்பக்கம் வந்து, கைகால் முகம் கழுவி ஒளு எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போவார். கடையில் இருப்பது அழகுமுத்து அண்ணன் மட்டும்தான். அவருக்கு நோன்பு இல்லை. நம் வீட்டில் பீடி குடிக்கிற ஆளும் அவர்தான். நோன்பு மாதத்தில் கடையில் பீடி வாசம் வரக் கூடாது என்று வாப்பா அவரைத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் முன்னாலேயே ஏசினார். அவர் ஒளிந்து குடிக்க நம் பின்னறையைப் பிடித்துக்கொண்டாரோ என்று நினைக்கிறேன். அறைச் சாவி வீட்டிலிருந்து கடைக்குப் போகும் நடையில் ஆணியில்தான் தொங்குகிறது.

உம்மாவிடம் சொன்னேன். உம்மா அவரைக் கூப்பிட்டு, "அழகு, அந்த ரூமுக்குள்ள பூந்து பீடி குடிக்கிறியா?" என்று நேராகவே கேட்டுவிட்டார். எனக்கு வெட்கமாகிக் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, "ஐயோ, அந்த எலிகள நெனச்சாலே எனக்குப் பாவமா இருக்குங்க. மொதலாளி என்னைய வெளிச்சத்துல வேல வாங்குறாரு, தம்பி அதுகள இருட்டுல வேல வாங்குறாரு. அம்புட்டுத்தான் வித்தியாசம்" என்றார். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பீடி குடித்தாரா இல்லையா என்பதற்கு அதில் பதில் இல்லை.

வாப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. கொஞ்ச நாளாக அவர் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. ஹட்டனுக்குச் சாமான் எடுக்கப் போய்வந்ததிலிருந்து அப்படித்தான். கடையில் வியாபாரம் நன்றாக இருக்கிறது. நல்லதண்ணிக்கு யாத்திரையாக மலை ஏறப் போகிறவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி சீனியும் கற்பூரமும் வாங்குகிறார்கள். குளிர் அதிகம். காலையில் கீரைப் பாத்தியில் பனி உறைந்து வெள்ளையாகக் கிடக்கிறது.

உங்கள் ஒரு வருடப் படிப்பு இந்த இரண்டு கூண்டுகளில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். என்னை நம்பிக் கொடுத்தீர்கள். யார் வருகிறார்கள் என்று நான் கண்டுபிடிக்கிறேன். அதுவரை என்னைக் கோபிக்க வேண்டாம்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பாமல் நோன்பு பிடிக்க வேண்டாம் என்று உம்மா சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
தங்கை நஸீரா


மஸ்கெலியா,
20.2.63

அன்புள்ள நானாவுக்கு, உங்கள்மேல் அல்லாஹ்வின் அமைதி இருக்கட்டும்.

இந்தக் கடிதத்தை வாப்பாவிடம் கொடுத்துத் தபாலில் போடவில்லை. அழகுமுத்து அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். அவரைச் சந்தேகப்பட்டதற்காக எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. நீங்கள் இதைத் தனியாக இருக்கும்போது படியுங்கள். விடுதியில் கூட இருப்பவர்களிடம் காட்ட வேண்டாம்.

போன கடிதம் எழுதிய மறுநாளே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆமினா உம்மா வீட்டுக்குப் போகும்போது தலைவலி என்று உம்மாவிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். பின்னறையைத் திறந்து, சாவியை ஆணியிலேயே மாட்டிவிட்டு உள்ளே போய், பழைய சாக்குகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். கும்மிருட்டு. எலிகள் இரண்டும் தூங்கின. அழகுமுத்து அண்ணன் வந்தால் என்ன செய்வது, சத்தம் போடுவதா, சும்மா இருப்பதா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். கதவு திறந்து மூடியது. தீக்குச்சி உரசும் சத்தம். குப்பி லாம்பு எரிந்தது.

வாப்பா.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கூண்டுகளுக்குப் பக்கத்தில் பலகைப் பெட்டியில் உட்கார்ந்து, மடியிலிருந்து கடதாசியில் சுற்றிய ரொட்டியை எடுத்தார். நானா, எனக்கு அந்த நிமிடம் என்ன தோன்றியது என்று எழுதக் கை வரவில்லை. பள்ளிவாசல் டிரஸ்டி. பீடிக்காக ஒரு மனுசனை ஊர் முன்னால் ஏசியவர். நோன்பு நாளில் இருட்டறையில் ஒளிந்திருந்து சாப்பிடுகிறார் என்று என் நெஞ்சு எரிந்தது.

ஆனால் அவர் ரொட்டியைச் சாப்பிடவில்லை. முதலில் தகரப் பெட்டி ஒன்றை எடுத்தார். அதிலிருந்து கண்ணாடி ஊசியையும் சின்ன மருந்துப் போத்தலையும் எடுத்தார். விளக்கைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து, மருந்தை இழுத்து, சாரத்தை விலக்கித் தொடையில் தானே குத்திக்கொண்டார். எனக்குச் சத்தம் வந்திருக்கும். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் ரொட்டியைப் பிய்த்தார். சின்னவன் விழித்துக் கம்பியில் மூக்கை வைத்தான். வாப்பா அவனுக்கு ஒரு துண்டு கொடுத்து, "என்ன மக்காள், பசியா? இந்தத் தெருவுல நோம்பில்லாத ஆக்கள் நாம மூணு பேரும்தான்" என்றார். பிறகு, "ராசிக் கேட்டா நான் வந்தேன்னு சொல்லிராதீங்க. படிப்ப உட்டுட்டு வந்து கடையில குந்திக்குவான், மடயன்" என்றார்.

விளக்கை ஊதி அணைத்துவிட்டுப் போனார். அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் சக்கரங்கள் சுற்றத் தொடங்கின.

அவர் அங்கேயே வைத்துவிட்டுப் போன பெட்டியில் ஹட்டன் டொக்டரின் மருந்துத் துண்டு இருந்தது. ஹட்டன் என்ற பெயரைத் தவிர எனக்கு அந்த இங்கிலீஸ் வாசிக்க வராது. ஆனால் ஆமினா உம்மாவின் மாப்பிள்ளைக்கு இதே மாதிரிப் போத்தலில்தான் மருந்து வருகிறது. அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. ஊசி போட்டால் கட்டாயம் சாப்பிட வேண்டும், நோன்பு பிடிக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருப்பதாக ஆமினா உம்மா எல்லாரிடமும் சொல்வார். நோயாளிக்கு நோன்பு கடமையில்லை என்று ஓதிக்கொடுத்த லெப்பை எங்களுக்கே சொல்லித் தந்திருக்கிறார். வாப்பாவுக்குத் தெரியாதா? ஆனால் நோன்பு இல்லை என்று சொன்னால் ஏன் என்று ஊர் கேட்கும். ஊர் கேட்டால் உம்மாவுக்குத் தெரியும். உம்மாவுக்குத் தெரிந்தால் அன்றைக்கே உங்களுக்குத் தந்தி வரும். யாருமே போகக் கூடாத அறை ஒன்றை நீங்கள் ஆக்கி வைத்திருந்தீர்கள். அவர் அங்கே போனார்.

இதை உங்களுக்கு எழுதக் கூடாது என்றுதான் முடிவு செய்தேன். உங்கள் எலிகள் கெட்டாலும் கெடட்டும், விளக்கு வந்தது யாரால் என்று தெரியவில்லை என்று எழுதிவிடலாம் என்று இருந்தேன். அதற்குள் உங்கள் கடிதம் வந்தது.

வழக்கம்போல வாப்பா பெயருக்கு எழுதியிருந்தீர்கள். வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்து வந்து, கடையிலேயே உட்கார்ந்து, உள்ளே இருந்த உம்மாவுக்கும் கேட்கும்படி சத்தமாகப் படித்தார். நீங்கள் எழுதியது எனக்கு வரி தப்பாமல் ஞாபகம் இருக்கிறது. இப்போது இருட்டில் மட்டும்தான் இருக்க வேண்டும், பெருநாள் லீவில் நானே வந்து தினமும் ஒரே நேரத்தில் விளக்கு வைத்து, அந்த வெளிச்சத்துக்கு அவை எப்படித் தங்கள் நேரத்தை மாற்றிக்கொள்கின்றன என்று பார்க்க இருந்தேன், அதற்குள் யாரோ என் வருடத்தையே நாசமாக்கிவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஏழாம் வகுப்போடு நின்றவளிடம் இதைக் கொடுத்தது என் பிழை, அவளேதான் விளக்கோடு போயிருப்பாள், பயத்தில் பொய் சொல்கிறாள் என்றும் எழுதியிருந்தீர்கள்.

அந்த வரி வந்தபோது வாப்பாவின் குரல் இறங்கியது. பிறகு அதையும் முழுதாகப் படித்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் எனக்காக ஒரு வார்த்தை சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. நோன்பு திறக்கும்போது தன் தட்டிலிருந்த பேரீச்சம்பழங்களை எடுத்து என் தட்டில் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நீங்கள் என்னைச் சந்தேகப்பட்டது எனக்கு வலித்தது. நானும் அழகுமுத்து அண்ணனை அப்படித்தான் சந்தேகப்பட்டேன் என்பதால் உங்களைக் குறை சொல்ல வாய் வரவில்லை. அதை விடுங்கள்.

மறுநாளிலிருந்து அறைக்குள் விளக்கு வரவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பெரியவனும் சின்னவனும் பிரிந்துவிட்டார்கள். முதலில் இரண்டு பேரும் லுஹர் தாண்டிக் கொஞ்சம் பிந்தினார்கள். பிறகு சின்னவன் இன்னும் பிந்தினான். இப்போது பெரியவன் பின்னேரத்து அஸர் தொழுகை நேரத்திலும், சின்னவன் நான் கஞ்சியை இறக்கிவைக்கும் நேரத்திலும் ஓடத் தொடங்குகிறார்கள். பழையபடி தங்கள் பாட்டுக்கு ஓடும் கடிகாரங்கள். முதல் இரண்டு நாள் எனக்கு உள்ளுக்குள் சந்தோசமாகக்கூட இருந்தது. நானாவின் படிப்பு பிழைத்துக்கொண்டது என்று நினைத்தேன். வாப்பா வேறு இடம் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன்.

பிறகு எனக்குச் சந்தேகம் வந்தது. வேறு எந்த இடம்? நம் வீட்டில் உம்மா கண்படாத இடம் எது? கடையில் தோட்டத்து ஆட்கள் இல்லாத நேரம் எது? போய்த் தகரப் பெட்டியைத் தடவி எடுத்து வெளியே கொண்டுவந்து பார்த்தேன். ஊசி காய்ந்து கிடக்கிறது. போத்தலில் மருந்து குறையவில்லை. நேற்றும் பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது.

அவர் நோன்பு பிடிக்கிறார் நானா. நிஜமாகவே பிடிக்கிறார். ஊசியும் இல்லை, சாப்பாடும் இல்லை. நீங்கள் இருட்டு வேண்டும் என்று எழுதியதால்.

நோன்பு திறக்கும்போது செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்கிறார். குடித்தும் நாக்கு ஒட்டுகிறது. கல்லாவில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் காளியாயி அக்கா சீனி கேட்டதற்கு உப்பை நிறுத்துக் கொடுத்துவிட்டார். அவர், "என்னாங்க மொதலாளி, நோம்பு ஒங்களுக்கா, எங்க வீட்டுத் தேத்தண்ணிக்கா?" என்று கேட்க எல்லாரும் சிரித்தார்கள். வாப்பாவும் சிரித்தார். எழுந்தபோது கால் தடுமாறி மேசையைப் பிடித்துக்கொண்டார். கதவு இடுக்கால் அதை நான் மட்டும்தான் பார்த்தேன். உம்மா எல்லாப் பழியையும் எலிகள்மேல் போடுகிறார். "இதுகள் வந்த நாள்ல இருந்து இந்த ஊட்டுல பரக்கத்தே இல்ல" என்கிறார்.

வாப்பாவிடம் நேரே கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கேட்டாலும் ஒன்றும் இல்லை என்பார். ஒளித்ததை மகள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தால் அந்த வெட்கத்திலேயே இன்னும் பிடிவாதமாக இருப்பார். நீங்கள் உடனே புறப்பட்டு வந்தாலும் இதேதான் நடக்கும். எதற்குப் பயந்து இவ்வளவும் செய்தாரோ அது நடந்துவிட்டது என்று நினைப்பார்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நான் இதுவரை உங்களிடம் எதையும் கேட்டதில்லை. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே வாப்பா பெயருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இருட்டில் ஓடவிட்டுப் பார்த்தது போதும், இனி விளக்குத்தான் வேண்டும் என்று எழுதுங்கள். தினமும் லுஹருக்கு முன்னால், ஒரு நாள்கூடத் தவறாமல், ஒரு ஆள் ரொட்டி சாப்பிடும் நேரமளவுக்கு விளக்கு எரிய வேண்டும் என்று எழுதுங்கள். இல்லை, ரொட்டி என்று எழுத வேண்டாம், அவர் புரிந்துகொள்வார். ஒளு எடுக்கும் நேரமளவு என்று எழுதுங்கள். பெண்பிள்ளையிடம் விடாமல் வாப்பாவே செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். என்னைத் திட்டி இன்னும் இரண்டு வரி வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் நம்புவார். அவர் அதைக் கடையில் சத்தமாகப் படிப்பார்.

பெருநாளைக்கு வாருங்கள். எலிகளைப் பார்க்க வந்ததாகச் சொல்லுங்கள். ஹட்டன் டொக்டரிடம் நீங்களே போய்க் கேளுங்கள். வீட்டில் வாப்பாவிடம் எலிகளைப் பற்றி மட்டும் பேசுங்கள். படிப்பை விட்டுவிட வேண்டாம். இரண்டு சக்கரங்களும் லுஹருக்குப் பிறகு ஒன்றாகச் சுற்றினால் அவர் அன்றைக்கு மருந்து போட்டுவிட்டார் என்று நான் தெரிந்துகொள்வேன். அது கேட்டால் எனக்குப் போதும்.

உங்கள் கடிதம் வந்து சேரச் சில நாள் ஆகும். அதுவரை பொறுக்க முடியாது என்று தோன்றியது. இன்று உம்மா ஓதப் போன பிறகு, குப்பி லாம்பில் எண்ணெய் ஊற்றி, பின்னறையில் கூண்டுகளுக்குப் பக்கத்தில் கொளுத்தி வைத்தேன். அவருக்குத் தெரிந்தால் தெரியட்டும் என்று, தகரப் பெட்டியின் மேல் இரண்டு ரொட்டியை மூடி வைத்தேன். பெரிய பிள்ளையான பிறகு நான் கடைப் பக்கம் போனதே இல்லை என்று உங்களுக்குத் தெரியும். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கடைக்குள் போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஆட்கள் நிறையப் பேர் நின்றார்கள். அவர்கள் எல்லாருக்கும் முன்னால், "வாப்பா, நானா சொன்ன வெளக்கு வேல இன்டைக்குத் தொடங்கியாச்சு. கொளுத்தி வெச்சிட்டேன். நான் ஓதப் போறேன், நீங்க போய்ப் பார்த்து அணைச்சிருங்க" என்று சொல்லிவிட்டு, சாவியை அவர் கையில் கொடுத்தேன்.

தங்கை,
நஸீரா